கிளி வளர்ப்பும் அதன் செலவுக் கணக்கும்

பழைய மாணவர் ஒன்றுகூடி மகிழும் விழா மலரிலே கிளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே எமது விடை. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகக் கிளி வளர்க்கத் தொடங்குவோர் நம்மவருள்ளே பலர் உளர். சிறிது வருவாயும் கிடைக்கும் என எண்ணிக் குஞ்சு பொரிப்பித்து விற்க முற்படுவோரும் உளர். அவர்கள் எம்மைக் காணும்போது கேட்கும் முதற் கேள்வி, "ஒரு சோடி என்ன விலை?" என்பதே. கிளி வளர்ப்பிலே விலைதான் யாவற்றினும் சிறிய செலவு. மற்றைச் செலவுகளை முன்னரே எண்ணிப் பாராதவிடத்து, அவற்றைக் கிளியே தன் உடலாலும் உயிராலும் செலுத்த நேரிடும். இதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரூபாக் கணக்கை ஈண்டு யாம் தரவில்லை. தினையின் விலையும் கம்பிவலையின் விலையும் மாதத்துக்கு மாதம் மாறுவன. இன்று எழுதிய தொகை மலர் அச்சேறி வருமுன் பிழையாகிவிடும். கிராமும் நாளும் ஆண்டும் அவ்வாறு மாறா. ஆதலின் அவற்றாலேயே கணக்கிடுவோம். வாசகர் தத்தம் ஊர்ச் சந்தை விலையால் அவற்றைப் பெருக்கி அறிந்துகொள்வாராக.

பனைப்பொந்துக் கிளி

கிளி நமக்குப் புதிய பறவை அன்று. மதுரை மீனாட்சியின் கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் நாம் கண்டு வணங்குவது கிளியையே. நம் வடபுலத்துப் பட்ட பனைகளின் பொந்துகளிலே பச்சைக்கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை ஊரிற் பிறந்தோர் யாவரும் அறிவர்.

விடுதியிலிருந்து பயின்ற காலத்தில், விடுமுறை ஒன்றின்போது, தோழர் இருவருடன் சேர்ந்து அத்தகைய பொந்தொன்றிலிருந்து இறகு முளையாத குஞ்சொன்றை யாம் எடுத்து வந்தோம். சோற்றைப் பாலிற் பிசைந்து ஊட்டினோம். பறவைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை என்பதை அன்று யாம் அறியோம். நான்காம் நாட் காலையில் அது பெட்டிக்குள்ளே விறைத்துக் கிடந்தது. காசு கொடாமற் கிளி பெற்றோம் என்று மகிழ்ந்திருந்தோம். விலையைச் செலுத்தியது யார் என்பது பின்னரே விளங்கிற்று.

இன்று இச்செயல் சட்டத்துக்கும் உட்பட்டது. இலங்கையிலே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காட்டுப் பறவைகளைப் பிடித்தல் பற்றி விதி செய்துள்ளன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்த்தல் குற்றமாகும். ஆதலின் எந்தக் கிளியையும் வாங்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரித்தறிதல் முதற்கடமை. இனிக் கூறப்படுவன யாவும் கூண்டிற் பிறந்த கிளிகளைப் பற்றியனவே. சிறியதொன்று, பெரியதொன்று என இரண்டினை எடுத்துக்கொள்வோம்.

சிறு கிளியின் கணக்கு

நம் நாட்டுக் கடைகளிலே "லவ் பேர்ட்ஸ்" என்னும் பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜரிகார் என்னும் அவுஸ்திரேலியச் சிறு கிளியாகும். உண்மையிலே அப்பெயருக்குரியவை ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளிகள். 1840ஆம் ஆண்டில் யோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் பட்ஜரிகாரை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் அது கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி உலகெங்கும் பரவியுள்ளது. நிறை 30 முதல் 40 கிராம். ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. வளர்ந்த ஆணின் மூக்கடி நீலமாகவும் பெண்ணினது கபிலமாகவும் இருத்தலால் சோடி சேர்ப்பது எளிது.

முதலிற் கூடு. அது உயரத்தினும் நீளம் மிக்கதாயிருத்தல் வேண்டும். சிறு கிளி பக்கவாட்டிற் பறப்பதன்றி நேர்மேலே எழும்பிப் பறப்பதன்று. கம்பிகளின் இடைவெளி 12 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மேற்படின் தலை அகப்பட்டுக்கொள்ளும். புதிய கம்பிவலையிற் பூசப்பட்ட நாகம் கிளிக்கு நஞ்சு. அதனைக் கிளி ஓயாது கொறிக்கும். ஆகவே புது வலையை வினாகிரி கலந்த நீரால் தேய்த்துக் கழுவிச் சில வாரம் வெளியிலே காயவிட்ட பின்னரே பயன்படுத்தல் நன்று. இரவிலே எலியும் பாம்பும் நுழையாதபடி அடைப்பு வேண்டும். கிளி வளர்த்துப் பூனைக்குக் கொடுத்தது போல என்னும் பழமொழி வெறும் உவமை அன்று. காவலற்ற கூட்டை வைத்திருந்தோர் பலரின் அனுபவமே அது.

கூடு ஒன்று போதாது என்பதையும் ஈண்டே சொல்லிவிடுகின்றோம். புதிதாக வாங்கிய கிளியை ஏனையவற்றோடு சேர்க்குமுன் 30 நாளாவது வேறாக வைத்துப் பார்த்தல் வேண்டும். நோயுற்ற கிளியைப் பிரித்து வைத்தற்கும் இடம் வேண்டும். எனவே கணக்கிலே இரண்டு கூடு எழுதிக்கொள்க.

அடுத்தது உணவு. தினை, சாமை, குரக்கன் போன்ற சிறு தானியங்கள் நாளொன்றுக்குக் கிளி ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் வைத்தால் ஒரு சோடிக்கு ஆண்டுக்கு 7 கிலோகிராமுக்குச் சற்று மேற்படும். தானியம் மாத்திரம் உண்ணும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ, அயடீன், கல்சியம் ஆகியன குறைவுபடும். கீரையும் கரட்டும் அன்றாடம் வேண்டும். கல்சியத்துக்குக் கணவாய் ஓடு மிகச் சிறந்தது. வெளிநாடுகளிலே பொதி செய்து விற்கப்படும் இப்பொருள் நம் கடற்கரைகளிலே காசின்றிக் கிடைக்கின்றது; நன்னீரில் ஊறவைத்து உப்பு நீக்கி வெயிலிற் காயவைத்துக் கூட்டிற் கட்டினாற் போதும். கிளி வளர்ப்பிலே நமக்கு இலவசமாகக் கிடைப்பது இஃதொன்றே எனலாம். ஆனைக்கொய்யா என்னும் அவகாடோப் பழத்தை மட்டும் கிளிக்குக் கொடுத்தலாகாது. அது அதற்கு நஞ்சு. சமையலறையிலே ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் புகையும் கிளியைச் சில நிமிடத்திலே கொல்லும்.

புதியோர் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. கிளி தானியத்தின் உமியை நீக்கி அரிசியை மாத்திரம் உண்டு, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். நிறைந்த கிண்ணத்தின் முன்னே கிளி பட்டினியால் இறந்த வீடுகள் உள. நாள்தோறும் உமியை ஊதி நீக்கிப் பார்த்தல் காசு வேண்டாத காரியம். கவனம் வேண்டும் காரியம்.

இனி இனப்பெருக்கம். பெண்கிளி ஓராண்டு நிரம்புமுன் முட்டையிட விடலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாளாக 4 முதல் 6 முட்டை இடும். ஐந்து முட்டை எனக் கொள்வோம். முதன் முட்டைக்கும் ஐந்தாம் முட்டைக்கும் இடையே 8 நாள். அடைகாத்தல் 18 நாள். குஞ்சு கூட்டுப் பெட்டியை விட்டு வெளிவர 35 நாள். தானே உண்ணப் பழக இன்னும் 7 நாள். ஆக 68 நாள், அதாவது ஏறத்தாழ 10 வாரம். ஆண்டுக்கு இருமுறைக்கு மேற் பொரிக்க விடின் தாயின் எலும்பிலுள்ள கல்சியம் முட்டையோட்டுக்கே செலவாகி, ஈற்றில் முட்டை வயிற்றிலே சிக்கித் தாய் இறத்தலும் நேரும். பேராசையின் விலையைச் செலுத்துவது ஈண்டும் பறவையே. பல சோடிகள் ஒரு கூட்டில் இருப்பின், சோடிகளின் தொகையினும் மிகுதியான பெட்டிகளை ஒரே உயரத்திலே தொங்கவிடல் வேண்டும். இல்லையேல் மேலே உள்ள பெட்டிக்காகப் பெண்கிளிகள் ஒன்றையொன்று குத்திக் கொல்லும்.

இப்பொழுது வருவாயைப் பார்ப்போம். ஐந்து சோடி, ஆண்டுக்கு இருமுறை, முறைக்கு நான்கு குஞ்சு தப்பிப் பிழைப்பதாகக் கொண்டால் 40 குஞ்சு. கேட்பதற்கு இனிமையான தொகையே. ஆனால் நாற்பதையும் வாங்குவார் யார்? எளிதிற் பெருகும் பறவையாதலின் அயலிலும் பலர் இதனையே வளர்ப்பர். விற்பனையாகாத 40 கிளிக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம். மாதத்துக்கு 12 கிலோகிராம். பெற்றோராகிய ஐந்து சோடியும் ஓராண்டிலே உண்பது 36½ கிலோகிராம். எனவே குஞ்சுகள் ஒரு மாதம் தங்கினாலே தாய் தந்தையரின் ஓராண்டுத் தீனியில் மூன்றிலொரு பங்கு தீர்ந்துவிடும். இவற்றோடு காலையிலும் மாலையிலும் அவ்வரை மணி நேர உழைப்பைக் கூட்டுக. ஆண்டுக்கு 365 மணி. நாளுக்கு எட்டு மணி வேலை எனின் 45 வேலைநாள். கூலியைக் கணக்கிற் சேர்ப்பவர் எவரும் இதனை வருவாய்த் தொழில் எனக் கூறார். இலவு காத்த கிளி என்னும் பழமொழி கிளி வளர்ப்போரையும் நோக்கியது போலும்!

நோய்ச் செலவும் உண்டு. காட்டிலே நோயுற்ற பறவை பகைவர் கண்ணுக்கு இலக்காகும். ஆதலின் கிளி தன் நோயை இயன்றவரை மறைத்தே வைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியிலே அமர்ந்திருப்பதை நாம் காணும்போது நோய் முற்றியிருக்கும். பறவை நோயிலே பயிற்சி பெற்ற மருத்துவரும் எல்லா ஊரிலும் இலர். கிளிக்காய்ச்சல் என்னும் தொற்று மனிதருக்கும் பரவி நுரையீரலைத் தாக்கவல்லது. 1929, 1930ஆம் ஆண்டுகளிலே கிளி வாணிகத்தின் வழியாக இது பல நாடுகளிற் பரவியபோது, கிளிகளின் இறக்குமதியையே தடைசெய்த நாடுகள் உண்டு. இக்காலத்தில் இதற்கு மருந்து உளது. ஆயினும் நோயுற்ற கிளிக்கு அம்மருந்தை 45 நாள் தொடர்ந்து கொடுத்தல் வழக்கு. கிளி வளர்ப்போர் காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்லின், வீட்டிலே கிளி உண்டு என்பதை மறவாது கூறுவாராக.

பெருங்கிளியின் கணக்கு

ஆபிரிக்கச் சாம்பற்கிளி 400 முதல் 500 கிராம் நிறையுடையது. மனிதர் பேச்சைப் போலிசெய்வதிலே இதனை வெல்லும் பறவை அரிது. 1977ஆம் ஆண்டில் ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் சிக்காகோ நகரக் கடையொன்றில் வாங்கி அலெக்ஸ் எனப் பெயரிட்ட சாம்பற்கிளி நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளங்காட்டவும் ஆறு வரை எண்ணிக்கை கூறவும் பழகிற்று. 2007ஆம் ஆண்டிலே தன் 31ஆவது வயதில் அது இறந்தது. அறிவு மிக்க அக்கிளிக்கு நாள்தோறும் பல மணி நேரம் உடனிருந்து பேசிப் பயிற்றிய ஆசிரியர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

அத்தகைய உடனிருப்பே சாம்பற்கிளியின் முதற் செலவு. நாளிற் சில மணி நேரமாவது அதனைக் கூண்டுக்கு வெளியே விட்டு அதனோடு பழகுதல் வேண்டும். தனிமையிலே விடப்பட்டால் அது தன் மார்பிறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். சில கிளிகள் தோலையும் கிழித்துக்கொள்ளும். சூரியகாந்தி விதையை மாத்திரம் கொடுத்து வளர்த்தால் குருதியிலே கல்சியம் குறைந்து வலிப்பு உண்டாகும்.

இதனை இனப்பெருக்கம் செய்வித்தல் பின்னும் அரிது. ஆண் பெண் வேறுபாடு தோற்றத்தாற் புலப்படாது. இறகையோ குருதியையோ சோதனைக்கு அனுப்பியே துணிதல் வேண்டும். சோடி சேர்த்த கிளிகள் ஒன்றையொன்று ஏற்க ஆண்டுக்கணக்கிற் செல்லலாம். ஏலாமலே போதலும் உண்டு. முட்டை மூன்று அல்லது நான்கு. அடைகாத்தல் ஏறத்தாழ 28 நாள். குஞ்சு கூட்டை விட்டு வெளிவர ஏறத்தாழ 12 வாரம். மனிதரோடு நன்கு பழகும் குஞ்சுக்கு விலை கூடுதலாதலின், சிலர் குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கையாலே ஊட்டி வளர்ப்பர். அப்பொழுது இளங்குஞ்சுக்குச் சில மணிக்கொருமுறை, நள்ளிரவிலும், ஊட்டுதல் வேண்டும். கூழின் சூடு 40 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். சில பாகை கூடினால் தீனிப்பை வெந்துவிடும். குறைந்தால் உணவு அங்கேயே தங்கிப் புளித்துவிடும்.

காடு செலுத்திய விலை

கூண்டிலே பொரித்தற்கு இவ்வளவு முயற்சி வேண்டியதாயிருந்தமையால், நெடுங்காலம் வணிகர் எளிய வழியையே நாடினர். காட்டிலே வலைவீசிப் பிடித்தனர். 1975ஆம் ஆண்டின் பின் பதிவு பெற்ற சர்வதேச வாணிகத்தில் மாத்திரம் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட சாம்பற்கிளிகள் ஆபிரிக்கக் காடுகளிலிருந்து வெளியேறின. வழியிலே இறந்தவையும் பதிவின்றிக் கடத்தப்பட்டவையும் அத்தொகையில் அடங்கா. கானா நாட்டிலே 1992ஆம் ஆண்டின் பின் சாம்பற்கிளிகள் நூற்றுக்கு 90 முதல் 99 வரை குறைந்துவிட்டன என ஆய்வாளர் கண்டனர். காடழிப்பும் பிடித்தலும் சேர்ந்து விளைத்த கேடு இது.

ஐக்கிய அமெரிக்கா 1992ஆம் ஆண்டிலே காட்டுப் பறவை பற்றிச் சட்டம் இயற்றிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டில் தற்காலிகமாகத் தடுத்துப் பின் 2007இல் காட்டுப் பறவை இறக்குமதியை நிலையாகவே தடைசெய்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிகம் பற்றிய உடன்படிக்கையின் நாடுகள் 2016ஆம் ஆண்டு ஜொகன்னஸ்பேர்க் நகரிற் கூடிச் சாம்பற்கிளியை மிகக் கடுமையான முதலாம் பட்டியலிற் சேர்த்தன. அம்முடிவு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உலகிலுள்ள கிளியினங்களுள்ளே பட்ஜரிகார் முதலிய நான்கு நீங்கலாக ஏனைய யாவும் அவ்வுடன்படிக்கையின் ஏதோவொரு பட்டியலில் உள்ளன. ஆகவே மலிந்த விலைக்குப் பெருங்கிளி கிடைக்கின்றதென ஒருவர் கூறின், எஞ்சிய விலையை எந்தக் காடு செலுத்தியது என வினவுதல் நம் கடமையாகும்.

யாருக்கு விட்டுச் செல்வது?

ஈற்றிலே ஆயுளைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். இதுவே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. சாம்பற்கிளி நன்கு பேணப்படின் 40 ஆண்டும் அதற்கு மேலும் வாழவல்லது. ஒரு கல்லூரி வெள்ளிவிழாவில் வாங்கிய கிளி பொன்விழாவையும் கண்டு அதற்கப்பாலும் இருக்கும்.

எமக்கு ஒரு வகுப்பு மேலே பயின்ற நண்பர் ஒருவர் தமது 60ஆவது வயதில், ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, கொழும்பிலே கூண்டிற் பிறந்த சாம்பற்கிளிக் குஞ்சொன்றை உரிய பத்திரங்களோடு வாங்கினார். அவர் பேணிய முறையிலே யாதொரு குறையும் இல்லை. பதினொரு ஆண்டு கழிந்தபின் அவர் காலமானார். மைந்தர் இருவரும் கனடாவில் உள்ளனர். அவர்கள் கிளியை அங்கே கொண்டு செல்ல இயலவில்லை. அந்தியேட்டி முடிந்து உறவினர் கலைந்த பின்னும் கிளி மாலைதோறும் அவருடைய குரலிலேயே, "இஞ்சாரும், தேத்தண்ணி கொண்டு வாரும்" என்று அழைத்தவண்ணம் இருந்தது. முதற் சில நாள் தம்மையறியாமலே எழுந்து அடுப்படிக்குச் சென்றதாக அவர் மனைவியார் எம்மிடம் கூறினார். பின்னர் அக்குரலை அவராற் பொறுக்க இயலவில்லை. விற்கவும் மனம் ஒப்பவில்லை. எம்மையே கேட்டார்; யாம் ஏற்றுக்கொண்டோம்.

இது நிகழ்ந்து நான்கு ஆண்டு ஆயிற்று. கிளிக்கு வயது 15, எமக்கு 74. இன்னும் 30 ஆண்டு அது வாழக்கூடும், யாம் வாழமாட்டோம். ஆதலின் கிளிக்குரியவர் யார் என்பதைச் சென்ற ஆண்டு எழுதி வைத்தோம். எம் தம்பியின் பேர்த்தி, வயது 24, கிளியோடு நன்கு பழகியவள், மனமொப்பி ஏற்றுள்ளாள். உணவு முறை, அஞ்சும் பொருள்கள், மருத்துவர் முகவரி, கூண்டு மாற்றும் காலம் ஆகியவற்றையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்துள்ளோம். நண்பரின் மனைவியார் வெள்ளிக்கிழமைகளிலே கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில் எம் வீட்டுக்கு வருவார். சிறிது நேரம் கூண்டருகே இருப்பார். இப்பொழுது அக்குரல் அவருக்குத் துன்பம் தருவதில்லை எனக் கூறுகின்றார்.

கிளி வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கு யாம் கூறுவது இதுவே. விலையைக் கேட்குமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இக்கிளி எங்கே பிறந்தது? நாள்தோறும் இதற்கு எத்தனை மணி நேரம் என்னாற் கொடுக்க இயலும்? எனக்குப் பின் இதனை ஏற்பவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைப்பின், இளையவர் பெருங்கிளியை வளர்க்கலாம். எம்மைப் போன்ற முதியவர்க்கு ஒரு சோடிச் சிறு கிளியே போதும், பெட்டி வையாது வளர்த்தால் அவை பெருகவும் மாட்டா. மூன்றாவது வினாவுக்கு விடை கிடையாவிடின், முற்றத்து வேம்பிலே வந்திருந்து போகும் பச்சைக்கிளியைக் கண்டு மகிழ்வாராக. அதற்குச் செலவு யாதும் இல்லை. பட்ட பனையைத் தறியாமல் விட்டு வைத்தாற் போதும்.